மூன்று நிறம், ஒரே மருந்து

எனக்கு எழுபத்து நான்கு வயது. சந்தில் எல்லோரும் என்னைப் பூமா என்றுதான் கூப்பிடுவார்கள். வளர்த்து ஆளாக்கியது ஐந்து பிள்ளைகள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் மாத்திரையின் நிறத்தைப் பார்த்தே எந்த வலிக்கு என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு... இருந்தது.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தண்டையார்பேட்டை சந்துக்குள் ஒரு போலீஸ்காரர் வந்தார். பக்கத்து வீட்டு மும்தாஜின் லேப் ரிப்போர்ட் வந்துவிட்டதாம்.

மும்தாஜ் காசிமேட்டில் இறால் உரித்தவள். ஆறு மாதம் முன்பு நாலு நாள் வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள், ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்து மௌத்தானாள். "மருமவ சோத்துல இன்னாத்தையோ கலந்துட்டா" என்றான் அவள் தம்பி சலீம். வேறென்ன வேண்டும்? குடல், ஈரல், ரத்தம் எல்லாம் சீல் வைத்த பாட்டிலில் லேபுக்குப் போயின. மருமகள் நஸ்ரின் குழாயடிக்கு வந்தால், மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

மய்யித்தைக் குளிப்பாட்டியது நான்தான். ஆஸ்பத்திரியில் தந்த துணி மூட்டையில் அவளுடைய வெற்றிலை டப்பா இருந்தது. உள்ளே வெட்டிய மாத்திரை அட்டைகள். நாம் முழு அட்டையா வாங்குகிறோம்? மெடிக்கலில் இரண்டு வெட்டித் தருவார்கள் — மருந்தின் பேர் கடையிலேயே தங்கிவிடும். டப்பாவை அன்றே போலீசில் கொடுத்தேன்.

இப்போது அந்தப் போலீஸ்காரர் நிதானமாகச் சொன்னார். விஷம் எதுவும் இல்லை. பல் வலிக்கு மஞ்சள், உடம்பு வலிக்குச் சிவப்பு, காய்ச்சலுக்கு வெள்ளை — மூன்றிலும் இருந்தது ஒரே வலி மருந்து. நாள் முழுக்க ஐஸில் கை வைக்கிறவள்... வலித்தபோதெல்லாம் மூன்றையும் விழுங்கியிருக்கிறாள். ஈரல் தாங்கவில்லை.

வெள்ளை மாத்திரை யார் தந்தது என்று கேட்டார்.

"நான்தான் சார். வேற எதுனா துன்னுகினு கீறியான்னு அவளை ஒரு வார்த்தை கேக்கல."

எழுதிக்கொண்டார். சலீமும் அங்கேதான் நின்றான். "அதான் கேஸ் முடிஞ்சிச்சே, வுடு பூமா" என்று கிளம்பிவிட்டான்.

கேஸைப் போலீஸ் மூடிவிடும். சந்தின் வாயை யார் மூடுவது?

வலி மாத்திரையை முழு அட்டையாக வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்தவரிடம் காட்டி, இதுவும் அதுவும் ஒன்றா என்று கேளுங்கள். கேட்டால் கௌரவம் குறையாது. கேட்காமல் கொடுத்துத்தான் எனக்குக் குறைந்தது.

இதை எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"கதவைத் தொறந்து வெச்சுட்டு, சத்தமா படிம்மா. நஸ்ரின் மேல தப்பில்லைன்றது சந்து முச்சூடும் கேக்கணும்."