அப்பாவின் ஹோம் தியேட்டர்

அம்மா படுக்கையில் விழுந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்தது. வாங்கியவர் அப்பா. இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்களுக்கு வந்த முதல் சந்தேகம், மனிதருக்கு மண்டை குழம்பிவிட்டதோ என்பதுதான். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. எங்கள் அப்பாவைப் போலச் சத்தத்துக்கு எதிரியான ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்கு வேலை. மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "டீவியைக் கொஞ்சம் குறையுங்கோ பிள்ளையள்" என்பார். செய்தி பார்த்தாலும், வாசிப்பவரின் வாயசைவை வைத்தே விளங்கிக்கொள்கிறவர் போலத்தான் உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது அம்மாதான். சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்த குரல். மீன்காரரின் சைக்கிள் ஒழுங்கை முனையில் திரும்பும்போதே பல்கனியில் நின்று சிங்களத்தில் விலை கேட்பார். மீன்காரருக்கும் கேட்கும், சுற்றியிருந்த வீடுகளுக்கும் கேட்கும். அம்மா பேரம் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அதே விலைக்கு மீன் வாங்க மற்றவர்கள் இறங்கி வருவார்கள்.

அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நெடுநாள் இருந்துவிட்டு, ஒரு வான் வண்டியில் படுத்தபடி வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. எங்களிடம் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: அம்மாவின் முதுகில் ஒரு புண் இருக்கிறது, அது ஆறும்வரை படுத்திருக்க வேண்டும். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, வீட்டோடு வந்து தங்கினார். பின்னேரங்களில் ஒரு மிஸ்ஸி வருவார். ஓய்வுபெற்ற சிங்களத் தாதி. வெள்ளைச் சீருடை இல்லாமல் சாதாரணப் பூப்போட்ட கவுனில் வந்ததால் அவர் உண்மையான மிஸ்ஸிதானா என்று தம்பிக்குச் சந்தேகம். அவர் புண்ணைக் கழுவி மருந்து கட்டிவிட்டுப் போவார்.

மிஸ்ஸி வரத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அப்பா ஒரு பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தார். உள்ளே ஒரு டிவிடி பிளேயர், இரண்டு குட்டி ஸ்பீக்கர், மரத்தாலான ஒரு சின்னச் சதுரப் பெட்டி. சிவப்பு வயரையும் வெள்ளை வயரையும் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளக்கப் புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே பிடித்தபடி அப்பா தரையில் உட்கார்ந்திருந்த காட்சி இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பூட்டி முடித்ததும் வொலியூமைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு துள்ளினோம்.

"காணாது" என்றார் அப்பா.

எங்களுக்குப் போதும் போதும் என்றிருந்த சத்தம் அப்பாவுக்குப் போதாமல் இருந்ததை நாங்கள் ஒரு பெரிய அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டோம்.

அந்தச் சின்னப் பெட்டி போய், முன்னுக்கு மூன்றும் பின்னுக்கு இரண்டுமாக ஐந்து ஸ்பீக்கர் உள்ள பெரிய செட் வந்தது. அதைப் பூட்ட, புறக்கோட்டைக் கடையிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். சிரித்த முகம், காதில் பென்சில். தன் வேலையில் பெருமையுள்ள மனிதர். சோபாவில் உட்கார்ந்து பார்த்தார், எழும்பி நின்று கைதட்டிப் பார்த்தார், சுவரில் பென்சிலால் புள்ளி வைத்தார்.

"சேர், இந்த ரெண்டும் பின்னுக்கு வெக்கிறது. சோபாக்குப் பின்னால அடிச்சித் தாறன். ஹெலிகொப்டர் வந்தா ஒங்கட தலைக்கு மேலால போற மாதிரியே ஈக்கும்."

"வேண்டாம் தம்பி. ரெண்டையும் அந்த அறை வாசலில அடியுங்கோ. கதவுக்கு ரெண்டு பக்கமும்."

அது அம்மாவின் அறை. ஹோலிலிருந்து உள்ளே போகும் சின்ன நடையின் கடைசியில் இருந்தது.

"அங்க வெச்சா பிழை சேர். எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்தால வரும்."

"வரட்டும்."

"அப்ப சப்வூஃபர்?" நிலத்தில் வைக்கிற, இடி முழக்கம் போடும் பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"அதையும் அந்தக் கதவுக்குக் கிட்ட வையுங்கோ."

நானாவுக்குத் தாங்கவில்லை. "சேர், நான் டீவிக்குப் பூட்டுறதா, கதவுக்குப் பூட்டுறதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சின்னம்மா ஒரு பேசினோடு அறைக்குள்ளிருந்து வந்தார். கதவு திறந்து மூடுவதற்குள் நானா உள்ளே பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர் பகிடி விடவில்லை. துளையிடும் மெஷினைச் சீலையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் மெல்ல மெல்லத் துளையிட்டார். போகும்போது அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இவ்வளவு பெரிய செட் வாங்கியதற்கு வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மாமி, அப்பாவின் அக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸேறி வருவார். அந்த ஞாயிறு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, உனக்கென்ன விசரோ? மனிசி படுத்த படுக்கை, உனக்குத் தியேட்டர் கேக்குதோ? ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும் அக்கா."

"பிள்ளையளையாவது படிக்க விட்டியோ? இந்த இரைச்சலுக்குள்ள நோயாளி எப்பிடிப் படுக்கிறது?"

அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. பழைய குரலில் பாதிகூட இல்லை. "மச்சாள், அவரைப் பேசாதேங்கோ. எனக்கும் கேக்கத்தான் வாங்கினவர்."

மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனார். ஆனால் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் போன் எடுத்துக் கதையைச் சொல்லிவிட்டார். கனடாவிலிருந்துகூட ஒரு சித்தப்பா அழைத்து அப்பாவுக்குப் புத்தி சொன்னார். அப்பா "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். அடுத்த மாதம் இன்னும் பெரிய சப்வூஃபர் வந்தது.

படம் பார்ப்பதற்கு எங்கள் வீட்டில் சட்டங்கள் இருந்தன. மிஸ்ஸி வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் படம் தொடங்கும். சண்டைப் படம் மட்டும்தான். காதல் காட்சி வந்தால் அப்பா ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவார். கதாநாயகியும் கதாநாயகனும் தனியே நின்று மெல்லப் பேசத் தொடங்கினால் போதும், அடுத்த நிமிடம் கார்கள் மோதிக்கொண்டிருக்கும். கதாநாயகிகளுக்குப் படத்தில் வசனமே இல்லை என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன். படம் ஓடும்போது யாரும் எழும்பக் கூடாது. "தியேட்டரில எழும்பி நடப்பினமோ?" என்பார் அப்பா. தண்ணீர் முன்கூட்டியே மேசையில் இருக்கும். கடற்கரையில் வாங்கிய கடலைச் சுருள் ஆளுக்கொன்று மடியில் இருக்கும்.

அப்பா மட்டும் படம் பார்க்கவில்லை. ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நடைப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று காரணமே இல்லாமல் வொலியூமைக் கூட்டுவார். பிறகு மெல்லக் குறைப்பார். பின்பு மறுபடியும் கூட்டுவார்.

ஒருநாள் கீழ் வீட்டு மாமா ஏறி வந்து மணியடித்தார். சுவர் அதிர்கிறதாம், அலுமாரிப் பீங்கான் எல்லாம் ஆடுகிறதாம். அப்பா அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய், மாடிப்படியில் நின்று ஏதோ கதைத்தார். அதன் பிறகு அவர் முறைப்பாட்டுக்கு வரவேயில்லை. மாறாக, லிப்டில் காணும்போதெல்லாம் எங்கள் இருவரின் தலையையும் தடவினார். அப்பா நல்லாய் ஏசிப் பயமுறுத்திவிட்டார் என்று தம்பிக்கு நான் விளக்கம் சொன்னேன். எங்கள் அமைதியான அப்பாவுக்குள் அப்படியொரு வீரர் இருக்கிறார் என்பதில் எங்களுக்குப் பெருமை.

நான் சொல்ல வந்தது மின்சாரம் போன அந்தப் பின்னேரத்தைப் பற்றி.

காலையிலிருந்தே மழை. மிஸ்ஸி நனைந்துகொண்டு வந்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும் என்று அப்பாவிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார். சின்னம்மாவும் கூடவே போனார். அப்பா படத்தைப் போட்டு, நேரே கடைசிச் சண்டைக்கு ஓட்டினார். கதாநாயகன் துறைமுகக் கிடங்கு ஒன்றுக்குள் புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கி எறிந்துகொண்டிருந்தான். சப்வூஃபரின் இடி எங்கள் நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது. வில்லன் துவக்கை எடுத்தான்.

அப்போது கரண்ட் போனது.

டீவி இருண்டது. மின்விசிறி ஓய்ந்தது. பழக்கமில்லாத ஒரு அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் வந்தது. குழாயில் தண்ணீர் நின்று காற்றுப் புகுந்தால், ஊளையிடுவது போல நீளமாக ஒரு சத்தம் வருமே, அப்படி. எங்கள் மாடியில் அது அடிக்கடி நடப்பதுதான். தம்பி வாயைத் திறந்து ஏதோ கேட்கப் போனான்.

அதற்குள் அப்பா பாய்ந்து எழும்பினார்.

"டமார்!" என்று கத்தினார்.

நாங்கள் திடுக்கிட்டுப் பார்த்தோம். அலுவலகத்திலிருந்து வந்த நீளக் கைச் சட்டையோடு, இருண்ட டீவிக்கு முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையைத் துவக்கைப் போல நீட்டியிருந்தார். "டுமீல்! டுமீல்! ஆ, தப்பிட்டான்! விடாத, பிடி அவனை!" அவரே வில்லன், அவரே கதாநாயகன். சோபா மெத்தையைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். மேசையில் ஓங்கிக் குத்தினார். தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்து உருண்டார். எழும்பிக் குசினிக்குள் ஓடி ஒரு தாச்சியும் அகப்பையுமாக வந்து, இரண்டையும் மோதி மோதிக் கிடங்கையே இடித்துத் தள்ளினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நீங்களும் அடியுங்கோவன்! கத்துங்கோ!"

அப்படியொரு அனுமதி எங்களுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. தம்பி சோபாவில் ஏறி நின்று கீச்சிட்டான். நான் அலுமாரிக் கதவைத் திறந்து திறந்து அடித்தேன். மூன்று பேரும் சேர்ந்து போட்ட சத்தத்துக்கு அந்த ஐந்து ஸ்பீக்கரும் கிட்ட நிற்க முடியாது. கீழ் வீட்டிலும் யாரோ எதையோ கொண்டு கூரையில் இடிக்கத் தொடங்கினார்கள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அப்பா நிறுத்தவில்லை. வில்லன் செத்து வெகுநேரமாகியும் நிறுத்தவில்லை. செத்தவனையே திரும்பத் திரும்ப எழுப்பி அடித்தார்.

ஒரு கட்டத்தில் அறைக் கதவு திறந்தது. மிஸ்ஸி வாசலில் நின்று, கையைத் துவாயில் துடைத்தபடி அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "முடிஞ்சி மாத்தயா. இப்ப தூங்குவாங்க."

அப்பா தாச்சியைக் கீழே வைத்தார். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார். சட்டை முழுக்க வியர்வை. முகமும் நனைந்திருந்தது. குரல் போய்விட்டது. தம்பி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, இன்னொருக்கா" என்றான். அப்பா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் நடந்த மிகச் சந்தோஷமான பின்னேரம் அதுதான் என்று பள்ளிக்கூடத்தில் நான் எல்லோருக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அம்மா அதிக நாள் இருக்கவில்லை. அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அப்பா அந்த நானாவை அழைத்து எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தனுப்பிவிட்டார். வாங்கியபோது பேசிய மாமி, கொடுத்தபோதும் பேசினார். "ஆசைப்பட்டு வாங்கினவன், பிள்ளையளுக்கெண்டாலும் விட்டு வைச்சிருக்கலாம்." தம்பி பல நாள் அழுதான். வீடு மறுபடியும் அப்பாவுக்குப் பிடித்தமான அமைதிக்குத் திரும்பிவிட்டது என்று நான் எண்ணினேன். அப்பாவுக்கோ அந்த அமைதி பிடிக்கவில்லை போலிருந்தது. ஒருவரும் பார்க்காத டீவி எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

ஹோம் தியேட்டர் யோசனை அப்பாவுடையதே அல்ல என்பதைச் சின்னம்மா எனக்குச் சொன்னது, நான் கல்யாணம் முடித்து, என் முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மாதான் கேட்டாராம். "என்ர குரல் எனக்குத் தெரியும். அடக்கிப் பார்க்கிறன், ஏலாமல் கிடக்கு. பிள்ளையளுக்குக் கேக்கக் கூடாது. பெரிய சத்தமா ஒண்டு வாங்குங்கோ" என்று. காணாது, இன்னும் பெரிசு வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னதும் அம்மாதானாம்.

மின்சாரம் போனதற்கு மறுநாள் பின்னேரம், மிஸ்ஸி வருவதற்கு முன், அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். முகம் நன்றாக வற்றியிருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"நேத்துப் படம் எப்பிடி?"

"அப்பாதான் அம்மா முழுக்க நடிச்சவர்! நீங்கள் பார்த்திருக்கோணும்."

"கேட்டது, கேட்டது. அந்த மனிசனுக்குள்ள இவ்வளவு சத்தம் இருக்கெண்டு எனக்கே தெரியாது." என் கையைப் பிடித்துக்கொண்டார். "கரண்ட் போன உடன, அப்பா தொடங்க முன்னம், உனக்கு வேற ஏதும் கேட்டதோ குஞ்சு?"

குழாயின் சத்தத்தைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதெல்லாம் அம்மாவிடம் சொல்லுமளவுக்கு ஒரு விஷயமாக எனக்குப் படவில்லை.

"இல்லை அம்மா. ஒண்டும் கேக்கேல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்டுமே கேக்கேல்லை அம்மா."

அம்மா கண்களை மூடிக்கொண்டார். என் கையை இறுக்கியிருந்த விரல்கள் மெல்ல இளகின. மூடிய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. கடல் பக்கத்து வெயில் கண்ணில் குத்துகிறது போல என்று எண்ணி, ஜன்னல் திரையை நன்றாக இழுத்து மூடிவிட்டு, படம் தொடங்கிவிடப் போகிறதே என்று ஹோலுக்கு ஓடினேன்.