மேட்டுச்சாலைக் கிராமத்தில் பனி உருகிய வாரம்

1988 ஏப்ரல் நடுவில் நியூயோர்க் மாநிலத்தின் வடமேற்கிலுள்ள ஒரு சிற்றூருக்குப் போனேன். என் தங்கை மனோவின் கணவர் யோகநாதன் கனடாவுக்குள் வர அகதி விசாரணைக்கு நாள் கேட்டுவிட்டு, எட்டு மாதமாக அங்கே காத்திருந்தார். ஜனவரியில் மாரடைப்பில் இறந்துபோனார். எனக்கு அமெரிக்க விசா ஏப்ரலில்தான் கிடைத்தது. கனடாவில் அகதி விண்ணப்ப முடிவுக்குக் காத்திருந்த மனோ எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. புதைகுழியிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவரச் சொன்னாள்.

காலை ஆறு மணிக்கு கனடாவின் ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டோம். வான் ஓட்டியவர் மன்னார்க்காரரான சவரி. பஃபலோ பாலம் வழியாக 250 கிலோமீற்றர். எல்லையில் நாற்பது நிமிடம். போய்வர பெற்றோலுக்கு முப்பத்தாறு டொலர்.

அந்த ஊர், ஒன்ராறியோ ஏரியின் தென்கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் உள்ளே, நீண்ட மேடொன்றின் மீது இருக்கிறது. தட்டில் தண்ணீர் வற்றினால் ஓரத்தில் ஒரு கோடு நிற்கும் அல்லவா? அப்படி, பழைய பேரேரி வற்றியபோது விட்ட கரை அது. அலை உருட்டிய கூழாங்கற்களை வரிசையாகப் பதித்து வீடு கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் சரக்குப் படகுக் கால்வாய் வெட்டியபோது ஊர் செழித்தது. ரயில் வந்ததும் கால்வாய் தூங்கியது. இன்று மிச்சம் அப்பிள் தோட்டங்கள். யோகநாதன் அங்கே அப்பிள் தரம் பிரித்தார்.

இதையெல்லாம் வழியில் விளக்கினேன்.

"மாஸ்டர், கடைசியில சோதினை வைச்சுப்போடாதேங்கோ," என்றார் சவரி.

மயானம் மேட்டின் சரிவில் இருந்தது. காவலாளி வயதானவர். யோகநாதனின் பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். நான் புதைகுழி எங்கே என்று கேட்டேன். அவர் சரிவுக்குள் கட்டிய கல் அறை ஒன்றைக் காட்டினார். இரும்புக் கதவு. குளிர்காலத்தில் நிலம் கல்லாக இறுகிவிடும், குழி தோண்ட முடியாது, பனிக்காலத்தில் இறந்தவர்களை அதற்குள் வைத்து வசந்தத்தில் புதைப்பது இந்த ஊர் வழக்கம் என்றார். அந்த ஆண்டு மூன்று பேர். மறுநாள் காலை பத்து மணிக்கு யோகநாதனின் முறை. ஞாயிறுதோறும் அந்தக் கதவுமுன் பனியைத் தானே வாரியதாகவும் சொன்னார்.

ஜனவரியில் அந்த ஊர்ப் பாதிரியார் தொலைபேசியில் இறுதிச் சடங்கு முடிந்தது என்றார். நம் ஊரில் சடங்கு முடிந்தால் உடலும் போய்விடும். அதனால் அடக்கம் முடிந்ததென்றே நினைத்து, எட்டாம் நாள் எட்டுச்செலவு செய்தோம். முப்பத்தோராம் நாள் இதே ஏரியின் வடகரையில், உறைந்த விளிம்பில் நின்று அந்தியேட்டிக் கிரியையும் செய்தோம். அப்போதெல்லாம் அவர் எதிர்க்கரையில் கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறார்.

கடைத் தொலைபேசியில் மனோவுக்குச் சொன்னேன்.

"இவ்வளவு நாளும் குளிருக்குள்ளையோ, அண்ணை?"

"ஓம்."

"அங்க தாழ்க்க விடாதேங்கோ. எரிச்சு, இஞ்ச கொண்டு வாங்கோ."

தோண்டிய குழி வீணாகிறதே என்று காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். மண் இளகிவிட்டது, மூடுவது சுலபம் என்றார்.

காகிதங்களுக்கும் தகனத்துக்கும் பஃபலோவில் மூன்று நாள் ஆனது. திரும்பும்போது எல்லை அதிகாரி மடியிலிருந்த சாம்பல் பெட்டியைக் காட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன். சான்றிதழைப் பார்த்து, கையசைத்து விட்டுவிட்டார். எட்டு மாதம் கிடைக்காத அனுமதிக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் மே மாதம் போங்கள். அப்பிள் பூத்திருக்கும், கூழாங்கல் வீடுகளைப் பார்க்க அரை நாள் போதும். குளிர்நாட்டில் உங்களவர் யாராவது தவறினால், சடங்கு முடிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். உடல் எங்கே என்றும் கேளுங்கள்.

மனோவை அயலவர் ஒருவர் ஃபோர்ட் ஈரிக்கு, எல்லையின் இந்தப் பக்கம், கூட்டிவந்திருந்தார். வானில் ஏறிப் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள். ஹமில்ரன் தாண்டியதும் சவரியிடம் சொன்னாள்:

"அண்ணை, ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ."