பின்கதவு விளக்கின் ஃபியூஸ்

மலைமேல் இருந்த தண்ணீர் பம்ப் நிலையத்துக்கு ஜீப் ஓட்டியவளை எல்லோரும் டிரைவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட உறுதி. வீட்டுக்காரர் தையல்காரர். பல்லி கத்தினாலே கத்தரிக்கோலைக் கீழே போடுகிற ஆள். "என்கூடவே குடும்பம் நடத்துறீங்க, அப்புறம் பேய்க்கு என்ன பயம்?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

சாயங்காலம் இரவு முறை ஆட்களை மேலே கொண்டுபோய் விடவேண்டும். பகல் முறை ஆட்களுக்கு வீடு மலையின் மறுபக்கம் என்பதால் அவர்கள் நடந்தே போய்விடுவார்கள். திரும்பி இறங்கும்போது அவள் மட்டும்தான்.

ஜீப்புக்கு அவளைவிட வயது அதிகம். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கண்ணாடி ஃபியூஸ். இறங்கும் வழியில், பாறையை வெட்டிப் போட்ட ஒரு வளைவில், அது தினமும் போய்விடும். டீசல் வண்டி என்பதால் எஞ்சின் நிற்காது. விளக்குகள்தான் மொத்தமாக அணையும். பனிமூட்டத்தில் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். பழைய டிரைவர் சொல்லிவிட்டுப் போனபடி அவளும் ஒருநாள், கரண்ட் அறாமல் இருக்க, ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினாள். அன்றைக்கு ஃபியூஸ் போகவில்லை. அதே வளைவில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது.

அவள் தம்பி வண்டிகளுக்கு ஒயரிங் செய்பவன். பார்த்ததும் கத்தினான்.

"ஏங்க்கா, உனக்குப் புத்தி இருக்கா? ஃபியூஸ் போகலன்னா ஒயர் போகும். ஒயர் போனா நீ போவ!"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கருகிய ஒயர்களை மாற்றினான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃபியூஸ். உள்ளே வரிசையாக எட்டு ஃபியூஸ் கொண்ட புதுப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை. "இனிமே எது கெட்டாலும் அது மட்டும்தான் அணையும்" என்றான்.

மறுநாள் அந்த வளைவில் முகப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. பாடிக்கொண்டே வந்து சேர்ந்தாள். வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஒரு ஃபியூஸ் மட்டும் போயிருந்தது. பின்கதவைத் திறந்தால் எரியும் சின்ன விளக்கினுடையது. புதிதாகப் போட்டாள். அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும்.

தம்பி பின்கதவைக் கழற்றிப் பார்த்தான். கீல் ஓரத்தில் ஒயரின் தோல் உரிந்திருந்தது.

"இதாங்க்கா. கதவைத் திறந்தா ஒயர் மடங்கி வண்டி பாடியில தொடுது. மூடியிருந்தா தொடாது."

"வர்ற வழியில நான் எங்கடா கதவைத் திறக்கிறேன்?"

அவன் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான். இரண்டு கையும் போட்டுத்தான் திறக்க முடிந்தது. "குலுங்கும்போது திறந்திருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுத் தாழ்ப்பாளையும் மாற்றினான். ஒயருக்கு ரப்பர் குழாய் மாட்டினான்.

மறுநாள் ஃபியூஸ் போகவில்லை. அதனால் அந்தச் சின்ன விளக்கு எரிந்தது.

வளைவில் திரும்பும்போது பின்பார்வைக் கண்ணாடியில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது. காலியான பின் இருக்கை. அதற்குப் பின்னால் பனி. முதுகில் சில்லென்று காற்று பட்டது. கதவு நிதானமாகச் சாத்தப்பட்டது, விளக்கு அணைந்தது. கீழே பாலத்தருகே மறுபடி எரிந்து அணைந்தது. யாரோ ஏறி, யாரோ இறங்கினமாதிரி.

வீட்டுக்காரர் நம்பவில்லை, ஆனால் மறுநாள் கூடவே வந்தார். வளைவில் விளக்கு எரிந்ததும் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே, வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் கேட்டார்: "யாருங்க? எங்கங்க போகணும்?"

பாலம் வரும்வரை இருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

"அந்த ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டுடும்மா" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

பிடுங்கினாள். அடுத்த மாலை வளைவில் வெளிச்சம் வரவில்லை. ஆனால் வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது, ஓர் ஆள் உட்கார்ந்தால் தாழுமே, அவ்வளவு. கண்ணாடியில் கருப்பைத் தவிர எதுவும் இல்லை. பின்னால் இருப்பது பின்னாலேயே இருக்கிறதா, நகர்கிறதா என்று தெரியவில்லை. பாலத்தில் வண்டியை நிறுத்தி, ஃபியூஸைத் திரும்பச் செருகினாள். விளக்கு உடனே எரிந்தது. கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பிறகு சாத்திக்கொண்டது.

"இருட்டுல உக்காந்திருக்கிறதைவிட இது தேவலைங்க" என்றாள் கணவரிடம். "ஏறுறதும் தெரியுது, இறங்குறதும் தெரியுது."

பிறகு அந்த ஃபியூஸை அவள் தொடவே இல்லை. வளைவில் வேகத்தைக் குறைப்பாள், பாலத்தில் குறைப்பாள். பயம் போனதா என்று தம்பி கேட்டால், "போகலடா, பழகிடுச்சு" என்பாள்.

சில வருஷம் கழித்து அலுவலகத்தில் புது வண்டி கொடுத்தார்கள். பின்கதவு சாவியால்தான் திறக்கும். முதல் நாள் இறங்கும்போது வளைவில் வண்டியை நிறுத்தினாள். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு, பாறையைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றாள். வண்டி லேசாகத் தாழ்ந்தது.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். "புது வண்டி" என்றாள் பொதுவாக. "பிடிச்சு உக்காருங்க."