கொண்டைக்காரருக்கு வைத்த தட்டு

அமீரகத்து அல் ஐனில் எங்கள் வில்லா வரிசைக்குத் தோட்ட வேலை பார்த்தவர் ரெங்கராஜ். பரமக்குடிப் பக்கம், ஐம்பத்திரண்டு வயது. துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கிக் கட்டட வேலை பார்த்து, முழங்கால் கெட்ட பிறகு தோட்டக் கம்பெனிக்கு வந்தவர். நான்கு வருடத்தில் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதுவும் என் கணவர் முரளிதரன் கேட்டு வந்து சொன்னது.

எனக்குப் பிடித்த பருவம் அக்டோபர் கடைசி. ஏசியை அணைத்து ஜன்னலைத் திறக்கலாம். கொல்லையில் இலந்தை பூத்து, தேனீ மொய்க்கும். நாற்காலியை வெளியே போட்டு டீயோடு உட்கார்ந்துவிடுவேன். கொண்டலாத்தி வந்து கொண்டையை விரித்துக்கொண்டு புல்லைக் கொத்தும். படம் எடுத்து, "எங்கள் வீட்டு விருந்தாளி" என்று தங்கை வரைக்கும் அனுப்புவேன். பறவைகளுக்கு என்னைப் பிடிக்கும் என்று நினைப்பு வேறு.

போன வருடம் அக்டோபரில் ஒரு நாள், ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயின் கீழே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தட்டைப் பார்த்தேன். அடியெல்லாம் பாசி. கொசு வந்து தொலைக்குமே என்று எரிச்சல். ரெங்கராஜ் இருபதடி தள்ளிக் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தட்டைப் படம் எடுத்து வில்லாக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "தோட்டக்காரர் தண்ணீரைத் தேங்க விடுகிறார். கம்பெனி கவனிக்கவும்." பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்குப் பெருமைகூட.

நான்காம் நாள் வேறு ஆள் வந்தார். ரெங்கராஜைத் தொலைவிலிருக்கும் ருவைஸுக்கு மாற்றிவிட்டார்களாம். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முரளியிடம் என் நம்பரை வாங்கி அவரே கூப்பிட்டார்.

"அம்மா, ரெங்கராஜ் பேசுறேன். யாரோ தட்டப் போட்டோ எடுத்துப் போட்டுட்டாங்கம்மா. சூப்பர்வைசர் அதக் காட்டித்தான் கத்துனாரு. கலாஸ், இங்க வேல முடிஞ்சுது, வண்டியில ஏறுன்னுட்டாரு. அது பறவைக்கு வச்சதும்மா. கோடை பூரா அந்தத் தண்ணியத்தான் அதுக குடிச்சுச்சு. தெனம் கழுவிருவேன், ரெண்டு நாளா முழங்கால் மடங்கலன்னு விட்டுட்டேன்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், தட்டு குழாயடியிலேயே கிடந்தது.

"இனிமே ஏசிய அமத்திருவீங்க, தண்ணி நின்னுரும். கொண்டைக்காரரு தேடி வருவாரு. பறவைன்னா உசுரா இருப்பீங்களே, நீங்க கொஞ்சம் ஊத்தி வைங்கம்மா."

"அங்க வேலை எப்படிங்க?"

"மரமே இல்லம்மா. மண்ணு சொமக்குறதுதான்."

அந்த முழங்காலோடு. நான்தான் போட்டேன் என்று சொல்லவில்லை. "வைக்கிறேங்க" என்று மட்டும் சொன்னேன்.

அன்றே தட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுவார். "வந்தாராம்மா?" "வந்துச்சுங்க." நல்லவள் வேஷம் எனக்குச் சுலபமாகவே வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்றாவது ஞாயிறு, "அவரு தண்ணிகிட்ட நிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கம்மா, பாக்கணும் போலருக்கு" என்றார். போனில் தேடினேன். சிவப்புத் தட்டுக்குப் பின்னால், சுவரோரம் கொண்டலாத்தி நிற்கும் படம் ஒன்று அகப்பட்டது. மகிழ்ச்சியில் உடனே அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் தட்டிலிருந்த பாசியைப் பார்த்தேன். குழுவில் போட்ட அதே படம். தட்டைப் படம் எடுக்கும் அவசரத்தில் அன்று பறவையைக் கவனிக்கவே இல்லை. அழிக்கப் போவதற்குள் அவர் பார்த்ததற்கான நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டன.

அரை மணி நேரம் கழித்துக் குரல் செய்தி வந்தது.

"படம் வந்துச்சும்மா. சூப்பர்வைசர் காட்டுனப்ப தட்டத்தான் பாத்தேன். அன்னைக்கே வந்துட்டாரு போலருக்கு, நாந்தான் பாக்கல. தட்ட மட்டும் தெனம் கழுவிருங்கம்மா."

அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. தட்டை மட்டும் தினமும் கழுவுகிறேன்.