காந்தம் வைத்துப் பார்த்த டிரம்

போன சனிக்கிழமை காலை சுமதி டீச்சர் போன் செய்தார். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவர்.

"அண்ணே, பதுளை பாரூக் நானா கடைக்கு ஒரு டிரம் வந்திருக்கு. பழைய மிஷின் சாமான் எது வந்தாலும் காட்டச் சொல்லியிருந்தேன், போட்டோ அனுப்பியிருக்காரு. நான் பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன்... அறுக்க விட்டுறாதீங்க!"

டிரம்மா? எனக்குத் தெரிந்த டிரம் தண்ணீர் பிடித்து வைக்கிற நீலப் பீப்பாய்தான். அதற்கு ஏன் இத்தனை பதற்றம்?

உடனே கடைக்குப் போனேன். ஊரே நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பாரூக்குடையது பழைய இரும்புக் கடை. கொழும்பில் யாரோ ஆபீஸ் ஸ்டோரைக் காலி செய்தபோது மொத்தமாக எடுத்த சாமான்களுக்கு நடுவே அது கிடந்தது. முழங்கால் உயர உருளை. மேலே காவிப் பூச்சு. பக்கத்தில் ஒரு சட்டம். அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டைகள், மெல்லிசு வயர்கள்.

"உள்ளுக்குப் பித்தளை, சேர். இப்ப அறுக்கப் போறோம்."

"டீச்சர் வரட்டும் நானா."

டீச்சர் வந்தார். பார்த்ததுமே கைப்பையைப் போட்டுவிட்டு முன்னால் குந்திவிட்டார்.

"இதாண்ணே அந்தக் காலத்து மெமரி! எங்க பிள்ளைங்க மெமரின்னா போன்ல போடுற நகத்தளவு கார்டுன்னு நினைச்சுக்கிட்டிருக்குங்க. இதைக் காட்டணும்ணே, தொட்டுப் பார்க்கணும் அதுங்க."

அவர் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்தேன். டிரம் சுழலும். காவிப் பூச்சில் எழுத்தெல்லாம் காந்தப் புள்ளிகள். அந்தக் கட்டைகள் பூச்சைத் தொடாமல், மயிரிழை இடைவெளியில் நின்று வாசிக்கும். வேண்டிய எழுத்து சுற்றி வரும்வரை கம்ப்யூட்டரே காத்துக்கொண்டிருக்குமாம்! கரண்ட் போனாலும் எழுதியது அழியாதாம், வேறு காந்தம் உரசினால்தான் போய்விடுமாம்.

"அப்போ... எழுதினது இன்னும் இதில் இருக்குமா?"

"இருக்கலாம்ணே. வாசிக்கத்தான் மிஷின் இல்ல."

எனக்குப் புல்லரித்துவிட்டது. யாரோ, என்னவோ எழுதியது... இரும்புக் குவியலுக்கு நடுவே, சத்தமில்லாமல்!

நானா மேசைக்கு மேலே தொங்கும் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் நுனியில் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம். கடைக்கு எது வந்தாலும் முதலில் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ.

"டீச்சர்... நான் காந்தம் வச்சுப் பார்த்துட்டேனே."

"எந்த இடத்துல நானா?"

"எல்லா இடத்துலயும். லேசா இழுத்துச்சு, ஆனா ஒட்டல. சந்தேகமாப் போச்சு. சுத்திச் சுத்தித் தேய்ச்சேன்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லாஹ்! அவ்வளவையும் அழிச்சுப்போட்டேனா?" நானா தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம், தொழில் தெரிந்த மனுசன் தொழிலைத்தானே செய்தார்?

டீச்சர் போன் லைட்டைப் போட்டுச் சட்டத்துக்கு அடியில் பார்த்தார். "இந்த இடுக்குலயுமா வச்சீங்க?"

"அதுக்குள்ள காந்தம் போகல்லியே."

"அப்ப ஒரு விரல் அகலம் தப்பியிருக்கலாம் நானா."

ஒரு விரல் அகலம்! மூன்று பேரும் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அறுக்கிற பேச்சே இல்லை. நானா தன் கையாலேயே டிரம்மைச் சாக்கில் சுற்றி, ஹல்துமுல்லைக்குப் போகிற லொறியில் ஏற்றிவிட்டார்.

நேற்று நானா கடைப் பக்கம் போனேன். யாரோ ஓட்டைத் தேநீர்க் கேத்தல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்கள். காந்தத்தைப் பிடித்த நானா, சட்டென்று கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சேர், டீச்சருக்கு ஒரு போன் கோல் போடுங்க... இதுக்கும் ஞாபகம் ஏதும் இருக்கான்னு கேட்டுட்டுக் காந்தத்தை வைப்போம்!"