ஆவடிக்காரனும் ஜெர்மன்காரனும்

நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு மரப்பலகை உண்டு. உள்ளங்கை அகலம்தான். ‘கேர்வோகே’ என்று எழுதியிருக்கும். கூட்டும் வாரம் என்று அர்த்தம். அது எந்த வீட்டுக் கதவில் தொங்குகிறதோ, அந்த வீட்டுக்காரர் அந்த வாரம் பொதுப் படிக்கட்டையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டும். முடித்ததும் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் இதற்குக் கிட்டத்தட்ட சட்டத்தின் மரியாதை. பெரிய கம்பெனி இயக்குநர்கூட தன் முறை வந்தால் துடைப்பத்தோடு படியில் நிற்பார். வந்த புதிதில் நான் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கிடைத்ததா என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, என்னோடு தங்கியிருந்த தோழி காலையில் கிளம்பி ம்யூனிக் போனாள். பலகை என் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு அம்மாள் ஃப்ராவ் க்ளோட்ஸ் வந்து கதவைத் தட்டினார். எழுபதைத் தாண்டியவர், படிக்கட்டின் மனசாட்சி. “படி இன்னும் கூட்டவில்லையே?” என்றார். “விருந்தாளி இப்போதுதான் கிளம்பினாள். அவள் ஊர் போய்ச் சேரட்டும், பிறகு கூட்டுகிறேன்” என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். அவர் நிஜமாகவே யோசித்தார். “ஏன், போய்ச் சேர்ந்ததும் திரும்பி வந்து அவள் கூட்டுவாளா?” என்று கேட்டார். ஊருக்குப் போனவர் பின்னாலேயே நாங்கள் கூட்டுவதில்லை, அப்படி உடனே கூட்டிக் கழுவிவிடுவது பிணம் எடுத்த வீட்டில்தான் என்பதை ஒரு ஜெர்மன் கிழவியிடம் எந்த வாக்கியத்தில் சொல்வது? சிரித்து மழுப்பிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன்.

இதை எழுதக் காரணம் வேறு. ஆவடி, அம்பத்தூர் பக்கம் புதிதாக ஃப்ளாட் வாங்கியவர்களும், இங்கே இருக்கும் தமிழ்ச் சிநேகிதிகளும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வீடு கூட்டித் துடைக்கும் ரோபோ வாங்கப்போகிறோம், உயர்ந்த ரகத்தில் இரண்டு இருக்கிறது, எதை வாங்கலாம்? இரண்டையும் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் கேட்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் என்னிடம் இருப்பது அடியில் இரண்டு வட்டத் துணிகளைச் சுழற்றித் துடைக்கும் ரகம். ஆவடி பருத்திப்பட்டில் என் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தது உருளை ரகம். துடைக்கத் துடைக்கத் தன்னைத் தானே அலசிக்கொள்ளும். மூலைக்கு வந்தால் ஒரு பிரஷ்ஷைக் கைபோல நீட்டும். இரண்டையும் என் போனில் இருக்கும் ஒரே செயலியிலிருந்து ஓட்டலாம். இதுவரை யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. பதில் சொல்ல வேண்டியவர் அப்பா.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஆட்டோ பார்ட்ஸ் பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். லேத்தில் கடைந்து வரும் ஒவ்வொரு துண்டையும் அளந்து, தேறியது தேறாதது என்று இரண்டு டிரேயில் பிரித்துப் போடுவதுதான் முப்பது வருட வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது தேற வைத்துக்கொண்டோ தேறாமல் தள்ளிக்கொண்டோ இருக்க வேண்டும் அவருக்கு. அம்மாவுக்கு முட்டி தேய்ந்து, குனிந்து துடைக்க முடியாமல் போனதால்தான் மிஷினை வாங்கினேன். அம்மாவுக்குத் துடைக்கும் வேலை மிச்சமானதோ என்னவோ, அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் போட்டி. அங்கே பகல் ஒரு மணி, இங்கே காலை ஒன்பதரை. இருவரும் வீடியோவில் வருவோம். இரண்டு வீட்டுத் தரையிலும் ஒரே அளவில் அரிசி மாவு, ஒரு ஸ்பூன் டீ, ஒரு சாண் நூல். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் நான் பொத்தானை அழுத்துவேன். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டீல் ஸ்கேலோடு மிஷின் பின்னாலேயே போவார்.

“இன்னா கண்ணு, உன் ஜெர்மன்காரன் மூலையில முட்டிகினு நிக்கிறான்? என் ஆவடிக்காரனைப் பாரு, கைய நீட்டி நோண்டிக்கினு கீறான்!”

இரண்டும் சீனாவில் செய்ததுதான் என்று பெட்டியில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். “பொறந்த ஊரை யார் கேட்டா? எந்த ஊர் தூசியத் தின்னுதோ அந்த ஊருதான்” என்றார். நான் பேச்சை மாற்றினேன். எனக்கு ஏழு வருடமாக ஸ்டுட்கார்ட் தூசி.

அம்மாவுக்கு இந்தக் கூத்து பொறுக்காது. “தொடைக்கிறதுக்கு மிசின் வாங்கிக் குடுத்தா, அப்பனும் பொண்ணும் சேந்து ஊட்டை அழுக்குப் பண்ணிக்கினு கீறீங்க” என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வரும். அப்பாவின் தீர்ப்புகள் தெளிவாக இருந்தன. ஈரக் கறையென்றால் உருளை. வட்டத் துணி டீயை முதலில் நான்கு பக்கமும் இழுத்துவிட்டுத்தான் துடைக்கிறது. காய்ந்த கறைக்கு வட்டத் துணியின் அழுத்தம் நல்லது. நீளத் தலைமுடி இரண்டுக்குமே ஆகாது. குப்பைப் பை எனக்கு இரண்டு மாதம் வரும், அவருக்கு மூன்று வாரத்தில் நிரம்பிவிடும். “ஏரிக்கரை ரோட்டைத் தோண்டி வுட்டுட்டுப் போய்ட்டானுங்க, தூசிக்கா பஞ்சம்?” என்பார், ஏதோ சொத்து சேர்த்த பெருமையோடு.

ஆனால் எனக்கு அந்த மிஷினில் பிடித்தது துடைப்பதல்ல, வரைபடம். ஓடும்போதே வீட்டை அளந்து படம் போட்டு, தரையில் கிடப்பவற்றைக் குறித்துக்கொள்ளும். செயலியில் ‘வீடு’, ‘அப்பா வீடு’ என்று இரண்டு படங்கள். ஆபீஸ் கேண்டீனில் உருளைக்கிழங்கு சாலடை முன்னால் வைத்துக்கொண்டு நான் இரண்டாவதைத் திறந்து பார்ப்பேன். பால்கனி அருகே நாற்காலி நகர்ந்திருந்தால் அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறார். வாசலருகே செருப்புப் படம் இல்லையென்றால் நடக்கப் போயிருக்கிறார். போன் செய்து கேட்டால் “நல்லாத்தான் கீறோம்” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாத வீட்டைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்தது. இதுவே போதும், பெற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஏரிக்கரை நடையிலிருந்து திரும்பி வந்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் கண் விழித்துப் போனை எடுத்தபோது சித்தப்பா மகன் தாமு பதினோரு முறை அழைத்திருந்தான்.

என் குடியிருப்பு அட்டை அப்போது காலாவதியாகி, புதியது வந்து சேரவில்லை. கையில் ஓர் இடைக்காலத் தாள் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது. குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மறுமுனையில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள். திங்கட்கிழமை வந்தால் அவசர அனுமதிக்கு முயற்சி செய்யலாம் என்றாள். இன்றே எடுத்துவிடுவார்கள் என்றேன். “இன்றா?” என்றாள். “இங்கே அடக்கம் செய்ய இரண்டு வாரம்கூட ஆகும். உங்கள் குடும்பத்தாருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? கொஞ்சம் பேசிப் பாருங்களேன்.” போனை வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். “ஐஸ் பொட்டியில போட்டு எத்தினி நாளு வெச்சிருக்கிறது? நீ வர வேணாம். வந்துட்டு அப்பால வேலையில்லாம நின்னா அவரு ஒத்துப்பாரா?” என்றாள். போகலாம்தான். எல்லாம் போனால் போகிறது என்று விமானம் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. இதை அம்மா மேல் போட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. ஏழு வருடத்தைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

தினமும் அங்கே பத்தரைக்கு ஓடும்படி மிஷினுக்கு நேரம் குறித்து வைத்திருந்தேன். அன்று அதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹாலில் அப்பாவைக் கிடத்திய ஐஸ் பெட்டி, சுற்றிலும் அழுகிற பெண்கள். அதற்கு நடுவில் அது தன் நிறுத்தத்திலிருந்து கிளம்பி வந்திருக்கிறது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததாம். தாமு அதைத் தூக்கிக்கொண்டு போய் சமையலறையில் வைத்தான். என் போனில் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்புகள். ஹாலில் புதிய பொருள் இருக்கிறது, கட்டில் போலத் தெரிகிறது, இந்த இடத்தைத் தடைப் பகுதியாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறது. கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. அறிவிப்பு போய்த் தொலையட்டும் என்று ‘சரி’யை அழுத்தினேன்.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். தாமு கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். வீடியோ அழைப்பில் இருந்த போனை யாரோ ஷோகேஸில் சாய்த்து வைத்திருந்ததால், தூக்கியபோது எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. ஆண்கள் போனதும் பக்கத்து ஃப்ளாட் பெண்கள் பக்கெட்டும் துடைப்பமுமாக வீடு கழுவ வந்தார்கள். அம்மா தடுத்துவிட்டாள். போன் அருகே வந்து குனிந்து என்னைப் பார்த்தாள்.

“நீ போட்டு வுடும்மா. யாரும் கை வெக்க வேணாம். நீயே கழுவுனாப்பல இருக்கட்டும்.”

வர முடியாத மகளுக்கு அந்தச் சாவு வீட்டில் ஒரு வேலை தேடிக் கொடுத்திருக்கிறாள். அழுத்தினேன். அப்பாவின் ஆவடிக்காரன் சமையலறையிலிருந்து வந்தான். உதிர்ந்த சாமந்தியையும் ஊதுவத்திச் சாம்பலையும் இழுத்துக்கொண்டு, உருளையை அலசி அலசி, ஹாலின் நாலு பக்கமும் ஈரமாக்கிக்கொண்டு போனான். நடுவில் மட்டும் போகவில்லை. அப்பா கிடந்த இடத்தின் ஓரம் வரை வருவதும், நேர்கோடாய்த் திரும்புவதுமாக இருந்தான். சுற்றிலும் தரை ஈரத்தில் மின்ன, ஆறடி நீளத்துக்கு ஒரு கட்டம் காய்ந்தபடி, பூவும் சாம்பலுமாகக் கிடந்தது.

“அங்க மட்டும் போக மாட்டேங்குதே?” என்றாள் அம்மா.

நான் போட்ட தடை என்று எனக்குப் புரிந்தது. வரைபடத்தைத் திறந்தேன். ஹாலுக்கு நடுவில் சிவப்புக் கட்டம், அதற்குள் ஒரு கட்டில் படம். தொட்டதும், இதை நீக்கிவிடவா என்று கேட்டது. என்னால் முடியவில்லை. ‘நீக்கு’ என்ற அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அங்கே பெண்கள் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா, “பரவால்ல வுடு” என்றாள். ஒரு ஈரத்துணியை எடுத்து வந்தாள். சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, முனகிக்கொண்டே அந்த முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து, கட்டம் முழுவதையும் தன் கையால் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்த ஒரே வேலையையும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் ஆகிறது. சனிக்கிழமை அங்கே ஒரு மணிக்கு இரண்டு மிஷினையும் நான் இன்னும் ஒன்றாகத்தான் கிளப்புகிறேன். மாவு இல்லை, டீ இல்லை. போன சனிக்கிழமை அவை ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து எடுத்தாள். முகத்துக்குப் பின்னால் தரை ஓடு தெரிந்தது.

“ஏம்மா கீழே படுத்திருக்கே? கட்டில் என்ன ஆச்சு?”

“கட்டில்ல தூக்கம் வர்ல. இங்க படுத்தா அது வந்து இடிக்காது. வேற எங்க தலைய சாச்சாலும் வந்து எழுப்பி வுட்டுடுது.”

எந்த இடம் என்று எனக்குப் புரிந்தது. மிஷின் சத்தம் கேட்டது. அங்கேயா இங்கேயா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அந்தக் கட்டத்தை எடுத்துடட்டுமாம்மா?”

“வேணாம். கெடக்கட்டும்.”

“அட்டை வந்துடுச்சும்மா. லீவு போட்டுட்டு வரேன்.”

“வந்து?” என்றாள். கோபமில்லை, குத்தலில்லை. வந்து என்ன செய்வாய் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள். போனை அணைக்கத் தெரியாமல் பக்கத்தில் வைத்துவிட்டாள் போல. விட்டத்து மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அழைப்பைத் துண்டிக்காமல் வரைபடத்தைத் திறந்தேன். மிஷின் போன வழி சமையலறை, பால்கனி, வாசல் என்று வீடு முழுக்கக் கோடு கோடாக இருந்தது. நடுவில் சிவப்புக் கட்டம். அம்மா அதற்குள் இருக்கிறாள் என்பது எனக்குத்தான் தெரியும், படத்தில் அவள் இல்லை.

நானும் அப்படியே என் வீட்டு மரத்தரையில் படுத்தேன், போனைக் காதோரம் வைத்துக்கொண்டு. அம்மா மூச்சு விடுவது கேட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஜெர்மன்காரன் வந்து என் தோளில் முட்டினான். பின்வாங்கி, கொஞ்சம் தள்ளிப் போய், மறுபடி இடுப்பில் முட்டினான். நான் நகர்ந்து நகர்ந்து சுவரோரம் போனேன். அங்கேயும் வந்தான்.