இரண்டு பெட்டி உயரம்

எங்கள் சுரங்கக் கூலி லைனில் ஒருவருக்கு வயதாகிவிட்டால் அவருக்கு மரியாதை செய்யத் தொடங்கிவிடுவோம். அந்த மரியாதையை அவர் உடம்பு தாங்கினால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

என் அப்பா தங்கச் சுரங்கத்தில் சம்மட்டி அடித்துப் பாறையில் துளை போட்டவர். வேலையை விட்ட அன்றே அவரைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தேன். தண்ணீர் கைக்கு வரும். சோறு மடிக்கு வரும். சுருட்டுக்கு நெருப்பும் தேடி வரும். அவர் தப்பித்தவறிக் குடத்தைத் தொட்டால், பக்கத்துத் தட்டி வீடுகளிலிருந்து குரல் எழும்: "இன்னாபா, பெத்தவனைத் தண்ணி தூக்க வுட்டுட்டு பாத்துகினு இருக்கிறியே!"

நான் கூச்சக்காரன். நாலு பேர் பார்த்தாலே வேர்க்கும். ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கிக்கொள்வேன். தகப்பனை உட்கார வைத்துச் சோறு போடுகிறவன் என்று லைன் முழுக்க எனக்கு நல்ல பெயர். எட்டே மாதத்தில் அப்பா, உட்கார்ந்தால் எழ முடியாதவர் ஆனார். அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

கட்டிலிலிருந்து தூக்கிவிடுவது பெரிதல்ல. காலையில் புதர்ப்பக்கம் போவதுதான் சங்கடம். குந்தியவர் எழ, நான் அக்குளில் கை கொடுக்க வேண்டும். அவர் வானத்தைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் அவர் ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். பிறகு கூழையும் குறைத்தார். காரணத்தை என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"வெளிய போவ வெக்கப்பட்டுகினு மாமா பட்டினி கெடக்குறாரு. இப்டியே போனா மனுசன் தங்கமாட்டாரு."

மருந்து கேட்டுக் கம்பவுண்டரிடம் போனேன்.

"சுரங்கத்துல ஆள் எறக்குற கேஜை எட்டு மாசம் ஓட்டாம நிறுத்தினா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"துரு புடிக்கும் ஐயா."

"அப்போ உங்கப்பனை ஏன்யா நிறுத்தி வெச்சே? இதுக்கு மருந்து கெடையாது. உக்காந்து உக்காந்து எழுந்துக்க சொல்லு. மொதல்ல உசரத்துல. கால் தேறத் தேற உசரத்தைக் கொறை."

பிறந்தது முதல் அப்பாவுக்கு எதிரே நின்று நாலு வார்த்தை சேர்த்துப் பேசியவனல்ல நான். ஆகவே கம்பவுண்டர் சொன்னதை மனைவியிடம் ஒப்பித்துவிட்டு, கூரையைச் சரிபார்க்க ஏறிக்கொண்டேன். கூரைக்கு ஒரு குறையும் இல்லை. அவள் காலியான இரண்டு வெடிமருந்துப் பெட்டிகளை வாசலில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"மாமா, இதுல உக்காந்து, கைய ஊணாம எழுந்துக்கோங்க. பத்து வாட்டி."

"யாரும்மா சொன்னது?"

"உங்க புள்ளதான்."

"அவனுக்கு வாய் இருக்குதா?"

மூன்றாவது தடவையே தொடை நடுங்கியது. எதிர்வீட்டுக்காரர் உடனே ஆஜரானார்: "இன்னா பெரியவரே, பாடம் ஒப்பிக்கலையா? புள்ள வாத்தியாரு தண்டனை குடுத்துட்டானா?" லைனே திரண்டது. கழைக்கூத்தாடிகளுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. எட்டு மாதம் சேர்த்த நல்ல பெயர் பொழுது சாய்வதற்குள் போயிற்று. நான் ஒரு வாரம் பின்பக்கச் சந்து வழியாக வேலைக்குப் போனேன்.

அப்பா நிறுத்தவில்லை. பத்து, இருபதாயிற்று. ஒரு மாதத்துக்குப் பிறகு மேல்பெட்டியை அவரே காலால் தள்ளிவிட்டார். அப்புறம் பழைய சம்மட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒற்றைப் பெட்டியிலிருந்து எழுந்தார். அப்புறம் பெட்டியும் இல்லை, வெறும் தரை. "பாத்தியா, புள்ள போட்ட சோத்துல வந்த தெம்பு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஒரு நாள் விடியலில் பார்த்தால் கட்டில் காலி. செம்பையும் காணோம். பதறி ஓடினேன். சுரங்கத்து மண்மேட்டுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். புதருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. போகலாமா, கூடாதா? ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. அது ஓய்ந்த பிறகு ஒரு நரைத்த தலை மெல்ல மேலே வந்தது. பாதியில் நின்றது. மறுபடி ஏறியது. தோள் தெரிந்தது, இடுப்புத் தெரிந்தது. கை எதையும் பிடிக்கவில்லை.

அவர் திரும்பியதும் நேரே என்னைத்தான் பார்த்தார்.

"நாளைலேருந்து பின்னால வராதே," என்றார்.

"சரி, நைனா," என்றேன்.